தவறணைக்கு லைசன் கொடுக்கிறது யார்?

(தோட்டக் கோயில் மண்டபத்தில் நடந்த மாதர் சங்கக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, அடுப்பு மூட்டாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நான் நீட்டிப் பேச மாட்டேன். குடி குடியைக் கெடுக்கும் என்று புத்தி சொல்லவும் வரவில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இன்றைக்கு ஒரேயொரு விஷயம்தான். சாராயக்கடைக்கு லைசன் எப்படிக் கிடைக்கிறது? அதில் நாம் வாய் திறக்க இடமிருக்கிறதா?

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன் வேறொரு தோட்டத்தில் நான் வேலை செய்தபோது, ஐந்தாறு அம்மாமார் ஆபீஸ் வாசலுக்கு வந்தார்கள். "ஐயா, ரோட்டு முடக்குல கடை ஒண்ணு கட்டுறாங்க. வைன் ஸ்டோராம். பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போற பாதைங்க. நிப்பாட்ட ஏலாதா?" என்று கேட்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது கவர்மென்ட் விஷயம், நாம என்ன செய்ய ஏலும்" என்றேன். அவர்களும் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்கள். கடை திறந்தது.

அடுத்த வருஷம் ஒரு சம்பள நாள். பின்னேரம் ஆறு மணியிருக்கும். பத்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று வந்து, "ஐயா, அப்பா சம்பளம் எடுத்துட்டாருங்களா?" என்று கேட்டது. ரெஜிஸ்டரைப் பார்த்தேன். இரண்டு மணிக்கே கையெழுத்துப் போட்டிருந்தார். "எடுத்துட்டாரும்மா" என்றேன். அந்தப் பிள்ளை லயத்துப் பக்கம் போகவில்லை. நேரே அந்த முடக்கை நோக்கி நடந்தது. இன்றைக்கும் அது என் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த அம்மாமார் கேட்ட அன்றைக்கே எனக்குச் சட்டம் தெரிந்திருந்தால் ஒரு கடிதமாவது எழுதியிருப்பேன்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

மதுபான லைசனைக் கொடுப்பது பிரதேச சபை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியில்லை. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. நிதி அமைச்சின் கீழ் இருக்கும் மதுவரித் திணைக்களம் அதை நடத்துகிறது. புதுக் கடை என்றால் பிரதேச செயலகத்திடமும் பொலிஸிடமும் அபிப்பிராயம் கேட்பார்கள். பள்ளிக்கூடத்துக்கும் வணக்கஸ்தலத்துக்கும் இவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. முக்கியமான சங்கதி இது: லைசன் ஒருதரம் கொடுத்தால் ஆயுளுக்கும் இல்லை. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். ஆகவே திறந்த கடையைப் பற்றியும் வருஷம் முடியுமுன் நாம் முறையிடலாம்.

அப்படியானால் பிரதேச சபைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. கட்டடத்துக்கு அனுமதி, சாப்பாட்டுக்கடை லைசன், வடிகான், குப்பை எல்லாம் அவர்கள் பொறுப்பு. சபையில் தீர்மானம் நிறைவேற்றி மேலே அனுப்பவும் முடியும். முன்பெல்லாம் தோட்டத்துக்குள்ளே சபைப் பணம் செலவழிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2018இல் சட்டத்தைத் திருத்தி அந்தத் தடையை நீக்கினார்கள். 2025 மே 6ஆம் திகதி நாமும் வாக்குப் போட்டுத்தான் சபைகளுக்கு ஆட்களை அனுப்பினோம். லைட்டுக்கும் ரோட்டுக்கும் மட்டுமா அவர்களைத் தேடிப் போவது? இதையும் கேளுங்கள்.

லைசன் விஷயம் சின்ன விஷயமில்லை. 2024 டிசம்பரில், அந்த ஒரு வருஷத்தில் கொடுத்த மதுபான லைசன்களின் பட்டியலைப் பாராளுமன்றத்தில் வைத்தார்கள். முந்நூறுக்கு மேல். அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்தபோது, இத்தனை கடையும் எந்தெந்த ஊர் முடக்கில் வந்திருக்கும், அங்கே எத்தனை பேர் "நாம என்ன செய்ய ஏலும்" என்று சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

"ஐயா, படிச்சவங்க செய்ற வேலைங்க இது. நமக்கு எழுதப் படிக்கத் தெரியாதே" என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. இந்தியாவில் ஆந்திரா, நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்று ஒரு கிராமம். 1990களின் தொடக்கத்தில் அங்கே கூலிவேலை செய்த பெண்கள் எழுத்துப் படிக்க இரவு வகுப்புக்குப் போனார்கள். சாராயத்தால் கெட்ட குடும்பத்தின் கதை பாடமாக வந்தது. நம்ம கதைதானே இது என்று எழுந்து போய் ஊர்ச் சாராயக்கடையை மூட வைத்தார்கள். ரோசம்மா என்ற பெண் அதில் முன்னால் நின்றவர். அது ஊர் ஊராகப் பரவியது. 1992இல் சாராயக்கடை ஏலம் நடக்கவிடாமல் பெண்கள் மறித்தார்கள். 1993 அக்டோபரில் மாநிலம் முழுவதும் சாராயத்தை அரசாங்கம் நிறுத்தியது. 1995இல் பூரண மதுவிலக்கும் வந்தது. ஆனால் 1997இல் அதைத் தளர்த்திவிட்டார்கள். இதில் நமக்கு இரண்டு படிப்பினை. ஒன்று, கூலிக்காரப் பெண்கள் சேர்ந்தால் அரசாங்கம் காது கொடுக்கும். மற்றது, ஒருநாள் வென்றுவிட்டோம் என்று தூங்கப் போகக் கூடாது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1912இல் வெள்ளைக்கார ஆட்சி ஊர் ஊராகக் கள்ளுத் தவறணை திறந்தபோது சிங்கள மக்கள் மதுவிலக்குச் சங்கங்கள் அமைத்து எதிர்த்தார்கள். எஃப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க சகோதரர்கள் அதில் முன்னின்றவர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், யட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடை எங்கும் நம் தோட்டங்களைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள்தான். அந்த அம்மாமாருக்கும் இதே கண்ணீர்தான். பன்சலை ஹாமுதுருவும் நம் கோயில் ஐயரும் ஒரே பேப்பரில் கையெழுத்து வைத்தால் அந்தப் பேப்பருக்குக் கனம் அதிகம்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், மனதில் வையுங்கள்.

ஒன்று: புதுக் கடை வருகிறது என்று கேள்விப்பட்ட உடனே எழுதுங்கள். திறந்த பிறகு மூடுவது கஷ்டம். பிரதேச செயலாளர், மதுவரி நிலையம், பொலிஸ், பிரதேச சபை நான்குக்கும் பிரதி போக வேண்டும்.

இரண்டு: கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். ஸ்கூல் எத்தனை மீற்றர், கோயில் எத்தனை மீற்றர், எத்தனை பிள்ளைகள் அந்தப் பாதையில் போகிறார்கள். ஆளைத் திட்டி எழுதினால் அது சண்டைக் கடிதம் ஆகிவிடும்.

மூன்று: தமிழில் எழுதலாம். சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் இடத்திலும் தமிழில் அலுவல் பார்க்கவும் பதில் பெறவும் அரசியலமைப்பு நமக்கு உரிமை தந்திருக்கிறது.

நான்கு: பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். யார் சிபாரிசு செய்தது, தூரத்தை யார் அளந்தது என்று கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும்.

ஐந்து: நம் லயத்தை நாமே பார்க்க வேண்டும். போயா நாளில் கடை பூட்டு. ஆனால் நம் காம்பராக்களில் கால் போத்தல் விற்பனை நடக்கிறதா இல்லையா? லைசன் இல்லாமல் விற்பது குற்றம். கசிப்பு அதைவிட ஆபத்து. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. கடைக்குப் பிள்ளையை அனுப்புகிற தகப்பன்மாரும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மதுவரித் திணைக்களத்துக்கு 1913 என்ற இலக்கத்தில் முறையிடலாம். வீட்டில் அடி உதை என்றால் பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929.

"கடையை மூடினா கசிப்புத்தான் பெருகும்" என்று அண்ணன்மார் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. அதனால்தான் வெளியே கடையையும் உள்ளே கசிப்பையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறேன். மழையிலும் அட்டைக்கடியிலும் பாடுபட்டு வரும் மனுஷனை எதிரியாக நினைக்க வேண்டாம். அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா ஆவதற்கு எத்தனை வருஷம் கத்தினோம்! அந்தக் காசு வீடு வந்து சேர வேண்டும் என்பதுதான் நம் வழக்கு.

ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு வந்திருக்கிறேன். முதல் பக்கத்தில் நம் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகும் பாதையை வரைவோம். எழுதத் தெரிந்த தங்கச்சி ஒருத்தி முன்னுக்கு வாருங்கள். இனி ஒரு அம்மா என் வாசலில் வந்து நின்றால், "நாம என்ன செய்ய ஏலும்" என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள்.