எலும்பு போச்சு, போட்டோ இருந்துச்சு

இந்த எபிசோடு ஒரு சாஃப்ட்வேர் பத்தினதுதான். ஆனா நடுவுல ஒரு டைனோசர் வரும், முன்னாடியே சொல்லிடுறேன்.

எனக்குச் சொந்த ஊரு பெரம்பலூர். ஸ்கூல்ல கூடப் படிச்ச தோழி ஒருத்தி இப்போ ஜியாலஜியில பிஎச்டி பண்றா. காரை கிராமத்துப் பக்கம், மழை அரிச்சு அரிச்சு மேடும் பள்ளமுமா ஒரு பொட்டல் இருக்கே, அதுதான் அவளோட ஆபீஸ். சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி அது கடல். இன்னைக்கும் ஒரு நல்ல மழை பெஞ்சு ஓய்ஞ்சா அம்மோனைட் ஓடுகள் மேல வந்து கிடக்கும். பார்க்க நத்தை மாதிரி சுருண்டிருக்கும், ஆனா நத்தை இல்ல, கணவாய்க்குச் சொந்தம்.

போன வருஷம் ஒரு ராத்திரி போன் பண்ணா. "டேய், ஒரு போட்டோவுல இருந்து அது எடுத்த இடத்தைத் திரும்ப எடுக்க முடியுமா?"

விஷயம் இதுதான். அவ, அவளோட கைடு, வெளிநாட்டுல ஒரு ஆராய்ச்சியாளர், மூணு பேரும் சேர்ந்து பண்ற வேலை. எல்லா போட்டோவையும் வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டே இருந்திருக்காங்க. மழையில அவ போன் செத்துப்போச்சு, பேக்கப் இல்ல. குரூப்புல இருந்த காப்பி மட்டும்தான் மிச்சம். வாட்ஸ்அப்புல ஒரு படத்தைச் சாதாரணமா போட்டோவா அனுப்பினா, அது படத்தைச் சுருக்கிடும், கூடவே படத்துக்குள்ள இருக்கிற ஜிபிஎஸ், எடுத்த நேரம் எல்லாத்தையும் கழட்டிடும். உங்க பிரைவசிக்கு அது நல்லது. அவளுக்கு அது இடி. எந்த இடத்துல, எந்தப் பாறை அடுக்குல கிடைச்சதுன்னு தெரியாத ஃபாசில், ஷோகேஸ்ல வைக்கிற அழகான கல்லு, அவ்வளவுதான்.

முடியாதுன்னு சொன்னேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல.

அப்புறம் அவதான் கல்லமேடு கதையைச் சொன்னா. அரியலூர் மாவட்டத்துல இருக்கிற ஊரு அது. எனக்குப் பக்கத்து ஊரு மாதிரிதான், ஆனா இந்தக் கதை தெரியாது, வெட்கமா இருந்துச்சு.

அங்க கிடைச்ச எலும்புகளை வெச்சு, 1987-ல யாதகிரியும் அய்யாசாமியும் ஒரு புது டைனோசரை விவரிச்சாங்க. பேரு ப்ருஹத்காயோசாரஸ் மாட்லேயி. பிருஹத், காயம்: பெரிய உடம்பு. பேரு வெச்சதுல மிகை எதுவும் இல்ல. கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர். உலகத்துப் பெரிய டைனோசர்கள்ல ஒண்ணுன்னு சொல்ற அர்ஜென்டினோசாரஸுக்கே கீழ்க்கால்ல இருக்கிற ஃபிபுலா எலும்பு 1.55 மீட்டர்தான்.

ஆனா அந்தப் பேப்பர்ல சில கோட்டுப் படங்கள்தான் இருந்துச்சு. முதல்ல அதை மாமிசம் தின்னற இனம்னு வகைப்படுத்தினாங்க. பின்னாடி வந்தவங்க, இல்ல, இது நீளக் கழுத்து வெச்ச தாவர உண்ணி இனம்னாங்க. சரி, எலும்பை எடுத்துப் பார்த்தா முடிஞ்சுது, இல்லையா? எடுக்க முடியாது. தோண்டினப்போவே அது உதிர்ற நிலைமையில இருந்திருக்கு. பாதுகாப்புக்குக் கட்டின உறைக்குள்ளயே, ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியா போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே நொறுங்கிடுச்சு. இன்னைக்கு அந்த எலும்பே இல்ல.

அதனால என்னாச்சுன்னா, சிலர் அது எலும்பே இல்ல, கல்லா மாறின மரமா இருக்கும்னு சந்தேகப்பட ஆரம்பிச்சாங்க. நம்ம பக்கம் அதை ஒரேயடியா சிரிச்சுத் தள்ளவும் முடியாது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர்ல 18 மீட்டர் நீளக் கல்மரமே படுத்திருக்கு, 1940-ல எம். எஸ். கிருஷ்ணன் வெளியில சொன்னது.

2022-ல சௌரப் பாலும், அதே அய்யாசாமியும் சேர்ந்து, 'ஜியாலஜி டுடே' இதழ்ல அந்த எலும்புகளோட பழைய போட்டோக்களை வெளியிட்டாங்க. மண்ணுல கிடக்குற எலும்பு, படத்துல. 1987-ல இருந்து கணக்குப் போடுங்க, 35 வருஷம். அதுக்கு அடுத்த வருஷமே கிரிகரி பாலும் லாராமெண்டியும் எடையைக் கணக்குப் போட்டு 110-ல இருந்து 170 டன் வரைக்கும்னு எழுதினாங்க. நீலத்திமிங்கலத்தோட மோதுற எடை. எலும்பு கையில இல்லாம இவ்வளவு பெரிய நம்பரை நான் கொஞ்சம் உப்பு சேர்த்துத்தான் எடுத்துக்குறேன். ஆனா இப்போ சண்டை போடுறவங்க ஒரே படத்தைப் பார்த்துட்டாவது சண்டை போடுறாங்க.

அந்த போட்டோவை வெச்சிருந்தவங்களைக் குறை சொல்ல நான் யாரு? ஃபிலிம் ரோல் காலத்துப் படத்தை 2022 வரைக்கும் பத்திரமா காப்பாத்தியிருக்காங்க. என்னோட 2019 போட்டோ எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது.

சரி, சாஃப்ட்வேருக்கு வருவோம். எலக்ட்ரானிக் லேப் நோட்புக்னு ஒரு வகை இருக்கு. ஆராய்ச்சிக்கான டைரி, ஆனா கூட வேலை பண்றவங்களும் அதே பக்கத்தைப் பார்க்கலாம். நாங்க எடுத்தது ஈலேப் எஃப்டிடபிள்யூ. பாரிஸ்ல க்யூரி இன்ஸ்டிட்யூட்ல ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட், காசு கிடையாது. ஒரு சின்ன சர்வர்ல டாக்கர் வெச்சு ஏத்தினேன், ஒரு சனிக்கிழமை போச்சு. கோடு எழுதுறவங்களுக்குச் சொல்லணும்னா, கிட் மாதிரி யோசிங்க: யாரு எப்போ எதை மாத்தினாங்கன்னு தடம் இருக்கும், பழைய வெர்ஷன் அழியாது. நாளைக்கு வேற சாஃப்ட்வேருக்கு மாறணும்னா எல்லாத்தையும் ஒரே ஃபைலா வெளிய எடுத்துடலாம். எனக்கு அதுதான் முக்கியமா பட்டுச்சு, உள்ள போட்டா வெளிய வராத கம்பெனி டூல்ஸ்ல சூடு பட்டவன் நான்.

முதல் மாசம் படுதோல்வி. காரைப் பொட்டல்ல சிக்னல் வராது, இது பிரவுசர்ல ஓடுற விஷயம். வெயில்ல நின்னுட்டு யாரு ஃபார்ம் நிரப்புவா? கைடு சார் பாக்கெட் நோட்டை விடவே மாட்டேன்னுட்டார். அவர் பயம் வேற. "நாம எழுதி முடிக்கிறதுக்குள்ள இதைப் பார்த்துட்டு இன்னொருத்தர் பேப்பர் போட்டுட்டா, தம்பி?"

நியாயமான கேள்வி. ஒவ்வொரு பதிவுக்கும் யார் பார்க்கலாம், யார் மாத்தலாம்னு தனித்தனியா வைக்கலாம்னு காட்டினேன். பதிவை நேரமுத்திரை போட்டுப் பூட்டலாம், இந்தத் தேதியில இது எங்ககிட்ட இருந்துச்சுன்னு பின்னாடி நிரூபிக்கலாம். அவர் முழுசா நம்பலைன்னுதான் நினைக்கிறேன். ஆனா என் தோழி கேட்ட ஒண்ணு அவருக்கும் எனக்கும் சேர்த்து உறைச்சுது: "இடத்தை ஊருக்கே தெரியுற மாதிரி போட்டா, ஞாயித்துக்கிழமை பையோட வந்து பொறுக்கிட்டுப் போயிடுவாங்களே?" அதனால இடம் மூணு பேருக்கு மட்டும், படமும் அளவும் பேப்பர் வந்தப்புறம் எல்லாருக்கும்னு முடிவாச்சு. ஷேர் பண்றதுன்னா எல்லாத்தையும் திறந்து விடுறதுன்னு நினைச்சுட்டு இருந்தவன் நான்தான்.

இடம்னு சொன்னதும் இன்னொண்ணு. பதிவுல ஊர் பேரு மட்டும் எழுதினா பத்தாதுன்னு அட்சரேகை, தீர்க்கரேகையைக் கட்டாயம் ஆக்கினோம். கல்லமேட்டையே பாருங்க. 1987-ல அது திருச்சி மாவட்டம். 1995-ல பெரம்பலூர் மாவட்டம் பிரிஞ்சுது. 2001-ல அரியலூர், 2002-ல திரும்ப பெரம்பலூர், 2007-ல மறுபடி அரியலூர். ஊரு ஒரு அடி நகரல, விலாசம் நாலு தடவை மாறிடுச்சு.

கடைசியில ஓடுறது இப்படித்தான்: ஃபீல்டுல பேப்பர் நோட்டே. ராத்திரி ரூமுக்கு வந்ததும் அன்னைக்குப் பக்கத்தைப் படம் எடுத்து, ஒரிஜினல் போட்டோக்களோட ஏத்திடணும். வாட்ஸ்அப் குரூப் இன்னும் இருக்கு, ஆனா இப்போ அங்க டீ எங்க குடிக்கலாம்னு மட்டும்தான் பேச்சு. அவசரத்துக்குப் படம் அனுப்பினாலும் டாக்குமென்ட்டா அனுப்புறாங்க, அப்படி அனுப்பினா உள்ள இருக்கிற தகவல் போகாது.

தொலைஞ்சதுல பாதிக்கு அவ நோட்டைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிச்சுட்டா. மீதியை ஆராய்ச்சியில சேர்க்கல, டப்பாவுல தனியா கிடக்கு.

போன மழைக்கு அப்புறம் சார் தானா ஒரு பதிவு போட்டிருந்தார், ராத்திரி 9.40-க்கு. நோட்டுப் பக்கம் கோணலா இருக்கு, ஓரத்துல அவர் கட்டைவிரல் தெரியுது. லொகேஷன் சரியா இருக்கு.