அழுத பிள்ளையும் அணைத்த அன்னையும்



சீகாழிப் பிரம தீர்த்தக் கரையில் மூன்று வயதுப் பிள்ளையொன்று நின்று அழுதது. தந்தையார் சிவபாத இருதயர் நீருள் மூழ்கியிருந்தார். அவரைக் காணாத பிள்ளை, தோணியப்பர் திருக்கோயிற் சிகரத்தை நோக்கி அழைத்தழுதது. இறைவன் பணித்தருள, உமையம்மை கண்ணீர் துடைத்துப் பொற்கிண்ணத்தில் ஞானப்பால் ஊட்டினார். கரையேறிய தந்தையாரோ, வாயில் வழிந்த பாலைக் கண்டு, கோலெடுத்து ஓச்சி, அதனை அளித்தவர் யார் என வெகுண்டு வினவினார். தந்தையார்க்கும் அன்பு குறைவன்று. எனினும் அவர் முதலில் விசாரித்தார். அம்மை முதலில் அழுகை தீர்த்தார். பெற்றோர் கொள்ளத்தக்க முறை அம்மை காட்டிய முறையேயாம்.

சிறு குழந்தை வாய்விட்டு அழும். வளரிளம் பருவத்தார் அங்ஙனம் அழுவதில்லை. உணவு குறைதல், உறக்கம் கெடுதல், தோழரை விட்டு ஒதுங்குதல், விரும்பிய விளையாட்டை வெறுத்தல், காரணமற்ற சினம் ஆகியனவே அவர்தம் அழுகை. இவை இரு வாரங்களுக்கு மேல் நீடிப்பின், சோம்பல் என்றோ திமிர் என்றோ தள்ளிவிடலாகாது.

சவ்வாது மலையடிவாரமாகிய ஒடுகத்தூரிலும் தேர்வுக்காலம் பிள்ளைகளுக்கு அச்சக்காலமே. பீஞ்சமந்தை முதலிய மலையூர்களிலிருந்து இறங்கி வந்து, வீட்டைப் பிரிந்து பயிலும் பிள்ளைக்குத் தனிமையும் உடன்சேர்கிறது. 2017ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு, பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. தேர்ச்சி பெறாதோர் ஓராண்டு வீணாகாமல் துணைத்தேர்வு எழுதவும் வழியுண்டு. அரசே கைவிட்ட தரவரிசையை, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு வீட்டில் தொடர்தல் தகுமோ?

வாழப் பிடிக்கவில்லை என்று பிள்ளை கூறின் அதனை வெற்றுரையாகக் கொள்ளற்க. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டோ எனக் கனிவுடன் வினவுவதால் அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அடைபட்ட மனம் திறக்கவே அது துணைசெய்யும். அப்பிள்ளையைத் தனியே விடாது மருத்துவரிடம் அழைத்துச் செல்க. வேலூர்ப் பாகாயத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் சிறார்க்கும் வளரிளம் பருவத்தார்க்கும் தனிப்பிரிவு உண்டு. 2022இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையில், 14416 என்னும் எண்ணில், இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். திருநீறு பூசி வேண்டிக்கொள்வதும் மருத்துவரை நாடுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இன்றிரவு உணவு பரிமாறும்போது, மதிப்பெண்ணைக் கேட்குமுன், "மனம் எப்படியிருக்கிறது, கண்ணே?" என்று கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள். கேட்டபின் உடனே அறிவுரை கூறாதீர்கள்.

அம்மையின் திருவருள் பிள்ளைகள் அனைவரையும் காப்பதாக!

திருச்சிற்றம்பலம்.