சுருட்டும் செரூட்டும்

உறையூர்ச் சுருட்டு கப்பலேறியது. பெயரும் கூடவே போனது. ஆங்கில அகராதியில் இருக்கும் 'செரூட்' நம்முடைய 'சுருட்டு'தான். அதைச் சிகாருக்கு மாற்றுச்சொல்லாகப் பலர் எழுதிவிடுகிறார்கள். பொருந்தாது. சிகாரின் வாய்ப்பக்கம் மூடியிருக்கும், பிடிக்கிறவர் நறுக்கிக்கொள்ள வேண்டும். செரூட்டுக்கு இரு முனையும் முன்பே நறுக்கித் திறந்திருக்கும். "போர்ச்சுகீசியரின் சருத்தோ வழியாகத்தானே போயிருக்கும்?" என்று கேட்கலாம். போகட்டுமே! அந்தச் சருத்தோவுக்கும் வேர் தமிழ் என்றே அகராதிகள் சொல்கின்றன.

ஆனால் கடல் கடந்த சொல் இளைத்துவிட்டது. இங்கே பாயைச் சுருட்டுகிறோம், நாய் வாலைச் சுருட்டிக்கொள்கிறது, ஊர்ப்பணத்தைச் சுருட்டுகிறவரும் உண்டு, தலைமுடியோ சுருட்டை. செரூட்டுக்கு ஒரே பொருள், புகை. (புகைக்கச் சொல்லவில்லை, சொல்லைத்தான் சொல்கிறேன்.) அதற்காக, இரவல் போன சொல்லெல்லாம் இளைத்தே தீரும் என்றும் முடிவுகட்ட முடியாது. நம் ஊரான திருச்சிராப்பள்ளியின் பெயரே எதிர்ச்சாட்சி. 'டிரிச்சினாபொலி' ஆங்கிலத்தில் ஊரோடு நிற்கவில்லை; சுருட்டுக்கும் பெயரானது, மெல்லிய வெள்ளிக் கம்பியையும் பொன் கம்பியையும் கண்ணி கண்ணியாகப் பின்னிய சங்கிலிக்கும் பெயரானது. 1887-இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸின் முதல் கதையில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே, கொலையாளி பிடித்தது டிரிச்சினாபொலி என்று சொல்லிவிடுகிறார் அவர். அந்தக் கதை கைக்குக் கிடைத்தால், அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று படியுங்கள்.