ஊர்த் தண்ணீரின் கணக்கு



நீர்வளமும் மின்வளமும் பற்றி ஆராயக் கூடியிருக்கும் இம்மாநாட்டுக்குத் தலைமை வகிக்கும் நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீட்டின்படி, தரவு மையங்கள் 2024-ஆம் ஆண்டில் உலகெங்கும் செலவிட்ட மின்சாரம் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட். 2030-ஆம் ஆண்டுக்குள் அது இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகக்கூடும் என்று அம்முகமை சொல்லுகிறது. உலக மின்சாரத்தில் இது ஒன்றரைச் சதவீதந்தானே என்று ஆறுதல் கூறுவோர் உண்டு. ஆனால் இம்மையங்கள் உலகம் முழுவதும் சமமாகப் பரவி நிற்பவை அல்ல. நிலமும் மின்கம்பியும் வரிச்சலுகையும் ஒருங்கே கிடைக்கும் சில இடங்களில் நெருங்கித் திரண்டு நிற்பவை. ஆகையால் பூலோகத்துக்கு அற்பமான பாரம் என்று தோன்றுவது, அவ்விடத்து ஜனங்களுக்குத் தாங்க முடியாத பாரமாகிவிடுகிறது.

இம்மையங்களின் கணிப்பொறிகளுக்குள் புகும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் உஷ்ணமாகவே வெளிப்படும் என்பது பௌதிக சாஸ்திரத்தின் நியதி. அந்த உஷ்ணத்தைத் தண்ணீரை ஆவியாக்கிப் போக்கினால் மின்சாரம் மிச்சமாகும். ஆனால் ஆவியாகிப் போன நீர், வீடுகளில் புழங்கிய நீரைப்போல் வடிகால் வழியே திரும்பி வந்து மறு உபயோகத்துக்கு உதவாது. காற்றைக்கொண்டே குளிரச் செய்தால் தண்ணீர் மிச்சமாகும்; மின்சாரச் செலவு ஏறும்; அந்த மின்சாரம் அனல் நிலையத்திலிருந்து வருமானால் அங்கே வேறோர் ஊரின் தண்ணீர் செலவாகும். எனவே தண்ணீரையும் மின்சாரத்தையும் தனித்தனியே வைத்துப் பேசுவது பயனற்ற காரியம் என்பதே என் அபிப்பிராயம்.

அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில், கொலம்பியா நதிக்கரையில், தி டால்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் ஜனத்தொகை சுமார் 16,000. நதியின் குறுக்கே கட்டிய அணை 1957-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நீரைத் தேக்கியபோது, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஆதிக்குடிகள் சால்மன் மீன் பிடித்தும் பண்டமாற்றுச் செய்தும் வாழ்ந்த செலைலோ நீர்வீழ்ச்சி சில மணி நேரத்தில் மூழ்கிப்போயிற்று. இந்தப் பழங்கதையை நான் இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு: மலிவான மின்சாரத்துக்காக அந்தப் பிரதேசம் கொடுத்த முதல் விலை அது, அந்த மலிவான மின்சாரத்தை நாடி முன்னர் அலுமினிய ஆலை வந்தது, பின்னர், 2006-ஆம் ஆண்டில், கூகுள் கம்பெனியின் தரவு மையம் அங்கே இயங்கத் தொடங்கியது. வேலைவாய்ப்பு குன்றியிருந்த ஊர் அதனை வரவேற்றதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, மையங்கள் விரிவடைந்து, மேலும் இரண்டு மையங்களுக்கான பேச்சு எழுந்தபோது, இவை எவ்வளவு தண்ணீர் குடிக்கின்றன என்ற சாதாரணக் கேள்விக்கு ஊர்வாசிகளுக்கு விடை கிடைக்கவில்லை. 2021-இல் ஓரிகோனியன் பத்திரிகை அந்தக் கணக்கைக் கேட்டது; அது வியாபார ரகசியம் என்று நகர நிர்வாகம் மறுத்தது; வெளியிட வேண்டும் என்று மாவட்ட அரசு வழக்கறிஞர் தீர்ப்புரைத்த பிறகும், நகரமே அந்தப் பத்திரிகையின்மீது வழக்குத் தொடுத்தது. ஜனங்களின் தண்ணீருக்குக் காவலாக நியமிக்கப்பட்ட நிர்வாகம், அந்தத் தண்ணீரின் அளவை அதே ஜனங்கள் அறியாதவாறு தடுப்பதற்காக நீதிமன்றம் ஏறிய அந்தச் சம்பவத்தை, இத்துறையில் ஆராய்ச்சி செய்யும் ஒவ்வொருவரும் ஆழ்ந்து சிந்திக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓராண்டுக்கு மேல் நடந்த வழக்கு 2022 டிசம்பரில் சமாதானமாக முடிந்து, கணக்கு வெளிவந்தது. 2021-ஆம் ஆண்டில் அம்மையங்கள் செலவிட்ட தண்ணீர் சுமார் 35 1/2 கோடி காலன், அதாவது ஏறத்தாழ 134 கோடி லிட்டர். அந்த நகரம் முழுவதும் உபயோகித்த தண்ணீரில் இது கால் பங்குக்கும் அதிகம். ஐந்தே ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்று மடங்காக உயர்ந்த அளவு. ஆனால் கூடுதல் மையங்களுக்கான ஒப்பந்தத்தை நகர மன்றம் 2021 நவம்பரிலேயே அங்கீகரித்துவிட்டது; ஜனங்கள் கணக்கைப் பார்த்ததோ அதற்குப் பிறகுதான்.

தென்னமெரிக்காவின் உருகுவே தேசத்திலும் இத்தகைய மறைப்பு நிகழ்ந்தது. 2023-இல் கடும் வறட்சியால் மான்டிவிடியோ நகரத்துக் குழாய்களில் உப்புக் கலந்த நீர் வந்துகொண்டிருந்த காலத்தில், அத்தேசத்தில் அமையவிருந்த ஒரு தரவு மையத்துக்கு நாளொன்றுக்கு 76 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீர் தேவைப்படும் என்ற செய்தி, ஆராய்ச்சியாளர் ஒருவர் அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுத்த பிறகே வெளிவந்தது. வெளிவந்தபின் எழுந்த கிளர்ச்சிக்குப் பிறகு, மையத்தைக் காற்றால் குளிரச் செய்யும்படி திட்டம் மாற்றி அமைக்கப்பட்டது. எண் தெரிந்த மாத்திரத்தில் வேறு வழியும் தென்பட்டது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

இதற்கு மாறாக அயர்லாந்து தேசத்தைப் பாருங்கள். அங்கே மத்தியப் புள்ளிவிவர அலுவலகம் தரவு மையங்களின் மின்சாரச் செலவை ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிடுகிறது. 2015-இல் நாட்டின் மீட்டர் கணக்கில் 5 சதவீதமாக இருந்த அந்தச் செலவு 2023-இல் 21 சதவீதமாயிற்று. நகரங்களிலும் பட்டணங்களிலும் உள்ள வீடுகள் அனைத்தும் சேர்ந்து செலவிட்டது 18 சதவீதமே. இந்த எண்கள் மறைவில் இல்லாமையால்தான், டப்ளின் சுற்றுவட்டாரத்தில் புதிய இணைப்புகளை மின்கடத்து நிறுவனம் நிறுத்தி வைத்ததன் நியாயத்தைப் பாமரராலும் தர்க்கிக்க முடிந்தது. சுமை குறைந்துவிட்டதென்று நான் சொல்லவில்லை. தர்க்கத்துக்கு ஆதாரம் கிடைத்தது என்கிறேன்.

தண்ணீர்க் கணக்கு தெரிந்தால் போட்டிக் கம்பெனிகள் தம் சக்தியை ஊகித்துவிடும் என்பது கம்பெனிகளின் வாதம். அதில் சிறிது உண்மை இருக்கலாம். ஆனால் நதியும் ஏரியும் நிலத்தடி ஊற்றும் பொதுச் சொத்து. பொதுச் சொத்தை அனுபவிப்பவர் தம் அனுபோகத்தின் அளவை மறைத்துக்கொள்ள உரிமை கோருவது எந்தத் தர்ம சாஸ்திரத்துக்கும் ஒவ்வாது.

சென்னைவாசிகளுக்கு இது அந்நிய விஷயமன்று. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் தரவு மையங்கள் எழுந்திருக்கின்றன. 2021-இல் தமிழ்நாடு அரசு இவற்றுக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. அதற்கு இரண்டே ஆண்டு முன்னால், 2019-இல், ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தோம்.

இந்த மூன்று நாட்களில் இங்கே வாசிக்கப்படவிருக்கும் கட்டுரைகளைத் தொகுத்து முடிக்கும்போது, அரசாங்கத்துக்கு அனுப்பத்தக்க ஒரு தீர்மானமும் உருவாக வேண்டுமென்பது என் விருப்பம். ஒவ்வொரு தரவு மையமும் எந்த மூலத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது, அதில் எவ்வளவு ஆவியாகிப் போகிறது, எவ்வளவு மின்சாரம் எந்த வேளையில் இழுக்கிறது என்பவற்றை, வருஷச் சராசரியாக அல்லாமல் மாதவாரியாக, அனுமதி வழங்குவதற்கு முன்னரே மதிப்பீடாகவும், வழங்கிய பின்னர் மீட்டர்க் கணக்காகவும் வெளியிடச் செய்ய வேண்டும். மாதவாரியாக என்று நான் வற்புறுத்துவது, கோடையில்தான் இயந்திரத்துக்கும் மனிதருக்கும் ஒரே சமயத்தில் தாகம் மிகும் என்பதனாலும், சித்திரை வைகாசியின் நெருக்கடி பன்னிரண்டு மாதச் சராசரியில் கரைந்து காணாமற் போகும் என்பதனாலுமே. தீர்மானத்தின் வாசகத்தை இறுதிநாள் அமர்வுக்கு முன் வகுத்துத் தருமாறு நீரியல் அறிஞர்களையும் மின்பொறியாளர்களையும் வேண்டிக்கொண்டு, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.