வாசலை மாற்றுங்கள், பாட்டியை மாற்றாதீர்கள்

(‘ஆலைகளின் பழைய கருவிகளைக் களைவதா, காப்பதா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘காப்பதே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

நடுவர் அவர்களே, எதிரணியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் சகோதரி அவர்களே!

‘தமிழ் வாத்தியாருக்கு மெஷினைப் பத்தி என்னய்யா தெரியும்?’னு கேட்பீங்க. நியாயம்தான். எங்க வீட்டு மிக்ஸியே என் பேச்சைக் கேக்காது! (சிரிப்பு) ஆனால் என்னிடம் இலக்கணம் படித்த மாணவர் ஒருவர் இன்று ஆலைகளில் கட்டுப்பாட்டுப் பொறியாளர். இந்த விஷயத்தில் அவர்தான் எனக்கு வாத்தியார். அவர் சொன்னார்: ‘அய்யா, இயந்திரங்களுக்கும் மொழி உண்டு.’

1979-ல் மோடிகான் நிறுவனம் உருவாக்கிய மொழி, மோட்பஸ். ‘மூன்றாம் எண் கருவியே, வெப்பம் எவ்வளவு?’ என்று கேட்டால், ‘எழுபது’ என்று சொல்லும். ‘வால்வைத் திற’ என்றால் திறக்கும். அந்த மொழியில் இல்லாத வாக்கியம் ஒன்றே ஒன்று: ‘நீ யாரப்பா?’

செய்தவர்கள் மடையர்களா? இல்லைங்க. அன்றைக்கு அந்தக் கம்பி ஆலைச் சுவருக்குள்ளேயே ஓடியது. பேசுகிற எல்லோரும் வீட்டு ஆட்கள். பிறகு நாம்தான் அதைக் கொண்டுபோய் இன்டர்நெட்டோடு இணைத்தோம். சமையலறையைத் தூக்கி பஸ் ஸ்டாண்டில் வைத்தோம். (சிரிப்பு) குற்றம் சமையலறை மேலயா?

சிரித்தது போதும். 2024 ஜனவரி. உக்ரைனில் லிவிவ் நகரம். உறைபனிக் குளிர். குழாய் வழியே வெந்நீர் அனுப்பி வீடுகளைச் சூடாக்குகிற ஊர். வெளியாள் ஒருவன் உள்ளே புகுந்து, மோட்பஸ் மொழியிலேயே கட்டளை கொடுத்தான். கருவிகள் தப்பான அளவைக் காட்டின. 600-க்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்களில் சூடு போய்விட்டது. ஏறத்தாழ இரண்டு நாள்! கைக்குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாயை நினைச்சுப் பாருங்க.

‘அதனாலதான் தூக்கி எறியச் சொல்றோம்’ என்பார் சகோதரி. அம்மா, ஆலைக் கருவி இருபது, முப்பது வருஷம் உழைப்பது. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற ஆலையை நிறுத்தணும். நீங்க நிறுத்தினாலும் அந்தக் குழந்தைக்குக் குளிர்தானே! (கைதட்டல்)

2018-ல் மோட்பஸுக்கே மறையாக்கமும் அடையாளச் சான்றும் சேர்த்த வடிவம் வந்தது. புதிதாக வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்கட்டும். ஆனால் பழைய கருவிகள் பலவற்றுக்கு அதைத் தாங்கும் சக்தி கிடையாது. புதுசு வந்தால் கவலை தீர்ந்ததா? 2016 டிசம்பரில் கீவ் நகரின் ஒரு பகுதியை இருட்டாக்கிய தீநிரல், மின்நிலையங்களின் பழைய மொழி, புதிய மொழி இரண்டும் பேசியதே!

எங்க பாட்டிக்கு வயசான காலத்தில் கண் மங்கிப்போச்சு. ஒருநாள் எவனோ ‘பேரன் வந்திருக்கேன் பாட்டி’ன்னு சொல்லி, வெண்கலச் செம்பை வாங்கிட்டுப் போயிட்டான். எங்க அப்பா என்ன செஞ்சார்? பாட்டியையா மாத்தினார்? வாசலுக்குக் கம்பிக்கதவு போட்டார். என்னைத் திண்ணையில் உட்கார வைத்தார்.

என் மாணவர் சொல்லும் வழியும் அதுதான். பழைய கருவியை இன்டர்நெட்டிலிருந்து பிரித்து வை. அதன் முன்னால் ஒரு காவற்கருவி வை: அளவை யார் கேட்கலாம், கட்டளையை எந்தக் கணினி மட்டும் இடலாம் என்று அது பார்க்கட்டும். வெளியூரிலிருந்து வேலை பார்க்கும் பொறியாளர், மறையாக்கப்பட்ட பாதையில், இரண்டு அடையாளம் காட்டி வரட்டும். நடுராத்திரியில் புதுக்குரல் கேட்டால் மணி அடிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. 2015 டிசம்பர் 23. அதே உக்ரைனில் சுமார் 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரம் போனது. ஊழியர்களின் கண்ணெதிரே, யாரும் தொடாமல் திரையில் சுட்டி நகர்ந்தது. ஆனால் சில மணி நேரத்தில் விளக்கு எரிந்தது. எப்படி? துணை மின்நிலையங்களுக்கு ஓடிப்போய், கையாலேயே இணைப்பைக் கொடுத்தார்கள் தொழிலாளர்கள். அந்தப் பழைய வசதியை மட்டும் யாராவது ‘பழசு’ என்று தூக்கி எறிந்திருந்தால்?

ஆகவே நடுவர் அவர்களே, கண் மங்கிய பாட்டியை வெளியே அனுப்பாதீர்கள். வாசலைக் காக்கச் சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)