வீடு எங்கே நின்றுபோகிறது?
(திருகோணமலையில் நடந்த எமது சங்கத்தின் வீடமைப்புக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இரண்டு நாட்களாகக் கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில், மூதூர், சம்பூர்ப் பக்கம் வீடுகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். மலைக்குத் திரும்புமுன் பார்த்ததைப் பேசி ஒரு முடிவுக்கு வருவோம்.

சம்பூர் மக்கள் 2006 ஏப்ரலில் போரினால் இடம்பெயர்ந்தவர்கள். கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் ஒன்பது, பத்து வருடம் தகரத்துக்குக் கீழே இருந்தார்கள். அவர்களுடைய 818 ஏக்கரை முதலீட்டுக்கு ஒதுக்கிய வர்த்தமானி 2015இல் ரத்தானது. கடற்படை இருந்த காணியும் பிறகு திரும்பியது. போய்ப் பார்த்தால் வீடு இல்லை, பற்றைக் காடுதான். ஆனாலும் "இது எங்கள் காணி" என்று சொல்ல அவர்களால் முடிந்தது. அத்திவாரம் அங்கிருந்துதான் தொடங்கியது.

வடக்கு கிழக்கில் இந்திய உதவியுடன் 46,000 வீடுகள் கட்டிய திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2012 ஒக்டோபரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாய். பணம் கொந்தராத்துக்காரர் கைக்குப் போகவில்லை. வேலை நடக்க நடக்க, கட்டம் கட்டமாக, வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே வந்தது. மேசனைப் பிடிப்பதும், கல்லும் மணலும் பார்த்து வாங்குவதும் குடும்பத்தின் பொறுப்பு. கலவையில் சீமெந்து குறைந்தால் வீட்டுக்கார அம்மாவே கேட்பார். இது நல்ல முறை.

சிக்கல் எங்கே? ஒரு கட்டத்தை முடித்துக் காட்டினால்தான் அடுத்த தவணை வரும். அதுவரை கடைக்காரரிடம் கடன், அல்லது நகை அடகு. 550 சதுர அடிக்குத்தான் உதவி. "இன்னும் ஒரு அறை" என்று அத்திவாரத்தை அகட்டினால் கை லிண்டல் மட்டத்தில் நின்றுவிடும். இங்கே நவம்பரில் மாரி இறங்கிவிட்டால் கூரை போடாத சுவர் நனைந்து கிடக்கும். வீடு நின்றுபோவது சோம்பலால் அல்ல. ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடையில்தான்.

இனி எமது கதை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் தாத்தா காலம் தொட்டு ஒழுகும் கூரைக்குத் தகரம் மாற்றுகிறோம், சுவருக்குச் சாந்து பூசுகிறோம், பின்பக்கம் குசினி இறக்குகிறோம். காசும் உழைப்பும் நம்முடையவை, லயமோ தோட்டத்தினுடையது. எவ்வளவு திருத்தினாலும் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

ஆகவேதான் 7 பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் கேட்டோம். மலையகத்தில் 4,000 வீடுகளுக்கான திட்டம் 2016இல் ஆரம்பமானபோது வீட்டுக்கு 9,50,000 ரூபாய். 2017இல் நோர்வூட்டில் இன்னும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. அதில் முதல் 1,300 வீடுகளுக்கான அடிக்கல் 2024இல்தான் வைக்கப்பட்டது. இடையில் 2022 நெருக்கடி வந்தது. ஆயிரம் ரூபாய் அளவில் விற்ற சீமெந்து மூடை மூவாயிரத்தைத் தாண்டியது. அறிவிப்புக்கும் அத்திவாரத்துக்கும் நடுவே போன வருடங்களின் விலையை நாம்தான் கொடுக்கிறோம்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் நான்கு வேலை செய்வோம்.

ஒன்று: மண்வெட்டி போடுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைக் கேட்டு வாங்குவோம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்கக் கூடாது.

இரண்டு: பத்துக் குடும்பம் சேர்ந்து சீமெந்தும் கம்பியும் மொத்தமாக எடுப்போம். லொறிக் கூலி பத்தாகப் பிரியும். மேட்டு லயத்துக்குத் தலைச்சுமை ஏற்றவும் முறைவைத்துக் கை கொடுக்கலாம்.

மூன்று: தவணை எந்தத் தேதியில் வந்தது, எதற்குச் செலவானது என்று வீட்டுக்கு ஒரு கொப்பி வைப்போம். தவணை தாமதித்தால் சங்கம் பேசுவதற்கு அந்தக் கொப்பிதான் சாட்சி. எழுதத் தெரியாத வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதட்டும்.

நான்கு: காணி உறுதி. கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதக் கேட்போம். கொழுந்து கிள்ளிய கைக்கு வீட்டில் பாதி உரிமை வேண்டும். சாவியோடு உறுதியும் வராத வீடு, ஓடு மாற்றிய லயம்தான்.

தோழர்களே, கூரைத் தகரம் கேட்டுத் துரையின் ஒபிஸ் வாசலில் நின்றது போதும். வரும் மாதாந்தக் கூட்டத்திலேயே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் வீடமைப்புக்கு ஐந்து பேரைத் தெரிவு செய்யட்டும். அதில் மூவர் பெண்களாக இருக்கட்டும்.