எல்லையூர்ப் பள்ளிக்கு ஒரு சிறப்பாசிரியர்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். அதற்குத் தக்க அறிஞர் இம்மேடையிலேயே வீற்றிருக்கின்றனர். ஆகவே, பள்ளிக்கூடத்துச் செலவுக் கணக்கைப் பற்றிச் சில சொல்ல இசைவு வேண்டுகிறேன். கணக்கு என்றதும் இளைஞர் சிலர் வாயிலை நோக்குவது தெரிகிறது. நீண்ட கணக்கன்று, அஞ்சவேண்டா.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலையில் இருந்தோரும் களியக்காவிளையில் இருந்த அவர்தம் சம்பந்தி வீட்டாரும் அன்று முதல் இரு மாநிலத்தவர் ஆயினர். அதே ஆண்டில் அரசியலமைப்பில் 350-அ என்னும் பிரிவும் சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகள் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் பயிலப் போதிய வசதி செய்துதர மாநிலமும் உள்ளாட்சியும் முயலவேண்டும் என்பது அதன் கருத்து. நன்கு பேசவும் கேட்கவும் வல்ல குழந்தையை மனத்திற்கொண்டே நாம் அப்பிரிவை இதுவரை படித்து வந்திருக்கிறோம். மெல்லக் கற்கும் குழந்தையும் செவிப்புலன் குறைந்த குழந்தையும் அத்தாய்மொழிக்கு உரியவர் அல்லரோ?

ஒன்றை எண்ணிப் பாருங்கள். நம் வீட்டுக் குழந்தை சோறு உண்டு நிறைந்ததும் "போதும்" என்கிறது. பள்ளியில் அதற்குச் சொல் "மதி". நம் பிள்ளைகள் வாசலில் ஒன்றும் வகுப்பில் ஒன்றுமாக இரண்டையும் வெகு எளிதில் கையாள்வர். அதில் நமக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அறிவுத்திறன் குறைந்த குழந்தைக்கு ஒரு சொல்லைப் பழக்கத் தாய் பல திங்கள் பாடுபட்டிருப்பாள். அச்சொல்லை அறியாத ஆசிரியரிடம் அக்குழந்தை சென்றால், தாய் பட்ட பாடு அவ்வளவும் பள்ளி வாயிலிலேயே நின்றுவிடும். மலையாளத்தின் மீது எனக்கு மனக்குறை இல்லை. அம்மொழியில்தான் நானும் படித்தேன். குழந்தை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து அதனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இனிப் பணத்திற்கு வருவோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடைய குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, அண்மைப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ, கட்டணமின்றிப் பயிலும் உரிமை அளித்தது. உரிமை வந்துவிட்டது. செலவோ பெரும்பாலும் 'சமக்ர சிக்ஷா' என்னும் திட்டத்தின் வழியாகவே வருகிறது. அதில் மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. கருவி, புத்தகம், வண்டிப்படி, துணைவர் படி முதலியவற்றிற்கென ஒரு குழந்தைக்கு ஆண்டொன்றுக்கு 3,500 ரூபாய் வரை அத்திட்டம் வகுத்தது. பள்ளி நடைபெறும் நாள்களை இருநூறு என்று கொண்டால், நாளொன்றுக்குப் பதினேழரை ரூபாய். பாறசாலையின் உட்கிராமத்திலிருந்து நடக்க இயலாப் பிள்ளையை ஆட்டோவில் கொண்டுவரும் தந்தைக்கு இத்தொகை எம்மட்டு என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

ஆசிரியர் ஊதியம் வேறு கணக்கு. அது ஆண்டுதோறும் ஒப்புதல் பெற்று வருவது. ஆகவே சிறப்பாசிரியரிற் பலர் ஒப்பந்த ஊழியராகவே காலங்கழிக்கின்றனர். 2024-25இல் பி.எம். ஸ்ரீ ஒப்பந்தம் பற்றி எழுந்த பிணக்கில் கேரளத்திற்கும் தமிழ்நாட்டிற்கும் மத்தியத் தவணைகள் நிறுத்திவைக்கப்பட்டன. எல்லைக்கு இப்புறம் இருந்தாலும் அப்புறம் இருந்தாலும் குழந்தைக்கு நேர்ந்தது ஒன்றே. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதை அரசியல் அறிந்தோர் பேசட்டும். ஓர் ஆசிரியரின் சம்பளம் அப்படிப்பட்ட பிணக்கில் சிக்கும் இடத்தில் இருப்பதே பிழை என்பேன்.

உச்சநீதிமன்றம் 2021 அக்டோபரில் தொடக்க வகுப்புகளில் பத்துக் குழந்தைகட்கு ஒருவர், மேல்வகுப்புகளில் பதினைவர்க்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் அளவை வகுத்தது. 2025 மார்ச்சில் நிலையான பணியிடங்களை அறிவித்து நிரப்புமாறு மாநிலங்களைப் பணித்தது. மிக நன்று. ஆயினும் நம் போன்ற சிற்றூர்களில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஒரு பள்ளியில் இரு குழந்தை, அடுத்த பள்ளியில் மூன்று எனச் சிதறியிருப்பர். பள்ளிதோறும் எண்ணினால் பத்து என்னும் எண் எங்குமே நிறையாது; ஆசிரியரும் வாரார். பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என வட்டார வள மையம்தோறும் மொத்தமாக எண்ணினால் பணியிடம் தானே கிடைக்கும். அவருள் தமிழறிந்தோர் சிலரேனும் இருத்தல் வேண்டும்.

இன்னொன்று. அறிவுத்திறன் குறைந்த குழந்தைகட்கெனக் கேரளத்தில் 'பட்ஸ்' பள்ளிகள் உள்ளன. முதற் பள்ளி 2004இல் தோன்றிய இடம் நம் மாவட்டத்து வெங்ஙானூரே. ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கப் போராடிய அய்யன்காளி பிறந்த ஊரும் அதுவே. இப்பள்ளிகளைப் பஞ்சாயத்தும் குடும்பஸ்ரீயும் சேர்ந்து நடத்துகின்றன. அங்குள்ளோரின் தொண்டுக்குத் தலைவணங்குகிறேன். எனினும் செல்வம் குறைந்த பஞ்சாயத்தில் பிறந்த குழந்தைக்குப் பள்ளியும் குறைவாக அமைவது முறையன்று. கட்டடத்தையும் மேற்பார்வையையும் பஞ்சாயத்து வைத்துக்கொள்ளட்டும். ஆசிரியர் ஊதியத்தைக் கல்வித்துறை தன் நிலையான செலவில் ஏற்கட்டும்.

நம் சங்கம் செய்யக்கூடியதும் உண்டு. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழர் தலைமைச் செயலகத்திற்கும் துறைத் தலைவர்க்கும் தமிழிலேயே எழுதலாம் என்கிறது. மறுமொழியும் தமிழிலேயே வரவேண்டும். இவ்வுரிமையை நாம் பெரிதும் பயன்படுத்தியதில்லை. காலனியில் இத்தகைய குழந்தை உள்ள வீட்டார் இவ்வாரத்திற்குள் செயலாளரைக் காண்க. குழந்தையின் வயது, வகுப்பு, வீட்டுமொழி, பள்ளிக்கும் வீட்டிற்கும் உள்ள தொலைவு, சிறப்பாசிரியர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் ஆகிய ஐந்து செய்திகள் போதும். பெயரை வெளியிட விரும்பாதோர் பெயரின்றியே தரலாம். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.